மருந்தடித்தும் மிளகாய் சுருளுவது ஏன்?



சம்பளம், குடியிருப்பு, தண்ணீர், ஆள் குறைப்பு என்று எதைப் பேசக் கூட்டம் கூட்டினாலும் சரி, கூட்டம் கலைகிற நேரத்தில் யாராவது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்காமல் விடுவதில்லை. “தலைவரே, கடையில சொன்ன மருந்தை வாங்கி மூணு தடவை அடிச்சாச்சு. அப்பவும் மிளகாச் செடி சுருண்டுகிட்டே போவுதே, ஏன்?”

இது சங்கத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா என்று சிலர் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. லயத்துக்குப் பின்னால் நூறு பையில் மிளகாய் போட்டு, பழுத்ததைப் பறித்து, பாசார் மாலாமில் விற்றுப் பிள்ளையின் பள்ளி பஸ் காசைக் கட்டுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். தோட்டத்தை விட்டு வெளியேறி, துண்டு நிலத்தில் மிளகாயும் கத்தரியும் போட்டுப் பிழைப்பவர்களும் நம்மவர்கள்தாம். செடி சுருண்டால் சம்பளத்தில் வெட்டு விழுந்த மாதிரிதான். அதோடு, மருந்து அடிப்பது யார் கை? நம் கை. சுவாசிப்பது யார் நெஞ்சு? நம் நெஞ்சு. ஆகவே இது தொழிலாளர் பிரச்சினைதான்.

நான் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில். விஞ்ஞானி அல்ல. ஆனாலும் இந்தக் கேள்வியை விடாமல் துரத்திப் பார்த்ததில் தெரிந்துகொண்ட சங்கதிகள் ஆச்சரியமானவை. அவற்றைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சுருண்ட செடியெல்லாம் வைரஸ் பிடித்த செடி அல்ல. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி இலையைக் கீழ்நோக்கி மடக்கும். இலைப்பேன் மேல்நோக்கிச் சுருட்டும். அவையெல்லாம் மருந்துக்கு ஓரளவு கட்டுப்படும். ஆனால் இலையில் கரும்பச்சையும் இளம்பச்சையும் திட்டுத் திட்டாக விழுந்து, நரம்பை ஒட்டிப் பட்டை கட்டி, செடி குன்றிப் போனால் அது வைரஸ். 1979-ஆம் ஆண்டிலேயே நம் மார்டி ஆராய்ச்சி நிலையத்தின் ஏட்டில், தீபகற்ப மலேசியாவில் புதிதாகக் கண்ட மிளகாய் நோய் என்று இப்படிப்பட்ட ஒரு நரம்புத் தேமல் வைரஸைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இது பிடித்த செடிக்கு மருந்து என்பதே கிடையாது. எந்தக் கடைக்காரர் எந்தப் புட்டியை நீட்டினாலும் கிடையாது.

சரி, பூச்சிதானே இதைக் கொண்டு வருகிறது, பூச்சியைக் கொன்றால் போதாதா? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. இந்த நோயைக் கொண்டு வருவது அசுவினி, நம்மவர் செடிப்பேன் என்று சொல்வது. அது பறந்து வந்து உட்கார்ந்ததும், ஊசி மாதிரி இருக்கிற வாயை இலையில் ஒரு குத்துக் குத்தி ருசி பார்க்கும். பிடிக்காவிட்டால் அடுத்த செடிக்குப் போய்விடும். அந்த ஒரு குத்துக்குச் சில விநாடி போதும். நோய்ச் செடியில் குத்திய வாயோடு நல்ல செடியில் குத்தினால் வேலை முடிந்தது. இலையில் நீங்கள் அடித்து வைத்திருக்கிற விஷம் அந்தப் பூச்சியைக் கொல்லத்தான் செய்யும், ஆனால் கொஞ்ச நேரம் கழித்து. அதற்குள் வைரஸ் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! சில மருந்துகள் இன்னும் மோசம். பூச்சியைப் பதற வைத்துச் செடி விட்டுச் செடி தாவ வைக்கும். நாமே காசு கொடுத்து நோயைப் பரப்பிய கதையாகிவிடும்.

வெள்ளை ஈயின் சங்கதி கொஞ்சம் வேறு. தக்காளி, மிளகாய், வெண்டை இவற்றின் இலையை மஞ்சளாக்கிச் சுருட்டுகிற வைரஸ்களை அது சுமக்கிறது. நிதானமாக உட்கார்ந்து, சாறு ஓடுகிற குழாய் வரை வாயை இறக்கிப் பல நிமிடம் உறிஞ்சினால்தான் வைரஸ் ஏறும், இறங்கும். ஒரு தடவை ஏறிவிட்டால் அந்த ஈ நாள் கணக்கில், வாரக் கணக்கில் நோயைச் சுமந்து திரியும். இதற்கு மருந்து ஓரளவு வேலை செய்தது உண்மை. ஆனால் ஈ இலைக்கு அடியில் குடும்பம் நடத்துகிறது, மருந்து மேலே விழுகிறது. தப்பிய ஈயின் பிள்ளைகள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. உலகத்தில் அதிக மருந்துகளுக்குப் பழகிப்போன பூச்சிகளில் வெள்ளை ஈயும் ஒன்று.

ஆக, பூச்சி செத்ததா என்று பார்ப்பதை விட, பூச்சி உட்கார்ந்ததா, குத்தியதா என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். உட்காரவே விடாமல் செய்ய வழி உண்டா? உண்டு. அதைச் செடிகள் நமக்கு வெகு காலம் முன்பே கண்டுபிடித்து வைத்திருக்கின்றன.

தக்காளிச் செடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். கையில் ஒரு பச்சை வாசனையும், சற்றுப் பிசுபிசுப்பும் ஒட்டிக்கொள்ளும். அந்த இலையில் இருக்கிற மெல்லிய ரோமங்களின் முனையில் சின்னச் சின்ன சுரப்பிகள் உண்டு. அவைதாம் அந்த வாசனையைத் தயார் செய்கின்றன. நாம் சாப்பிடுகிற தக்காளியில் இந்தச் சுரப்பிகளின் வேலை குறைந்து போயிற்று. பழம் பெரியதாக வேண்டும், காய்ப்பு அதிகம் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததில் செடி தன் ஆயுதத்தைப் பறிகொடுத்துவிட்டது. ஆனால் தென் அமெரிக்காவில், பெரு நாட்டுப் பக்கம் வளர்கிற காட்டுத் தக்காளிகளிடம் அது இன்னும் பத்திரமாக இருக்கிறது. சில இனங்கள் ஒருவிதச் சர்க்கரைப் பிசினைச் சுரக்கின்றன. சர்க்கரை என்றதும் இனிப்பு என்று நினைக்க வேண்டாம். சர்க்கரையோடு கொழுப்பு அமிலம் சேர்ந்த பசை அது. வெள்ளை ஈக்கு அது ஆகவே ஆகாது. உட்கார்ந்தாலும் நிலைகொள்ளாது, குத்தினாலும் சாற்றுக் குழாய் வரை போகாது.

ஸ்பெயின் நாட்டில் மலாகா வட்டாரத்து ஆய்வாளர்கள் 2011-இல் இதை நேராகவே காட்டினார்கள். காட்டுத் தக்காளி ஒன்றிடமிருந்து இந்தப் பிசின் குணத்தைக் கலப்பின் மூலம் பயிர்த் தக்காளிக்குக் கொண்டு வந்து, வெள்ளை ஈயை விட்டுப் பார்த்தார்கள். ஈ அந்தச் செடியை விரும்பவில்லை. உறிஞ்சுவது குறைந்தது. மஞ்சள் இலைச்சுருள் வைரஸ் செடிக்குச் செடி பரவுவதும் குறைந்தது. கவனியுங்கள், அந்தச் செடி வைரஸை எதிர்க்கவில்லை. வைரஸைச் சுமந்து வருகிறவனை வாசலிலேயே நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு காட்டுத் தக்காளியின் கதை நம் அடுப்படிக்கு நெருக்கமானது. அதன் ரோமங்களில் இஞ்சி வாசனைப் பொருளின் பங்காளி ஒன்று சுரக்கிறது. இஞ்சியில் இருப்பதும் இதுவும் அணுக்கணக்கில் ஒன்றே. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இடம் வலம் மாறியிருக்கும், இடது கைக்கும் வலது கைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, காட்டுத் தக்காளியின் சரக்கு வெள்ளை ஈயை விரட்டியது. இஞ்சியின் சரக்கு விரட்டவில்லை! 2012-இல் அதே குழுவினர் அந்தப் பொருளைச் செய்கிற மரபணுவைப் பயிர்த் தக்காளியில் ஏற்றி, வெள்ளை ஈக்கு அந்தச் செடி பிடிக்காமல் போவதையும் காட்டினார்கள். ஆகவே, “இஞ்சியை அரைச்சுத் தெளிச்சா வெள்ளை ஈ ஓடிடும்” என்று யாராவது கைத்தொலைபேசியில் அனுப்பினால், இந்த இடது கை வலது கை விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கின் காட்டு உறவுக்காரன் ஒருவனும் இருக்கிறான். அசுவினிக்கு ஆபத்து வந்தால் அது ஒரு வாசனையை வெளியே விடும். “ஓடுங்கடா” என்று மற்ற அசுவினிகளுக்குச் சொல்கிற வாசனை. அந்தக் காட்டுச் செடி இதே வாசனையைத் தானாகச் செய்து வெளியே விடுகிறது. அசுவினி கிட்ட வராமல் ஒதுங்குகிறது. இதை 1983-இல் இங்கிலாந்தில் கிப்சன், பிக்கெட் என்ற இருவர் கண்டு சொன்னார்கள். அபாயச் சங்கை எதிரியே ஊதுகிற மாதிரி!

நம் மண்ணுக்கு வருவோம். நெல்லில் ‘பெஞாகிட் மேரா’ என்று மலாய் விவசாயிகள் சொல்கிற சிவப்பு நோயை வட மாநிலத்துக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1930-களிலேயே பேசப்பட்ட நோய். ஏதோ மண்ணின் குறை என்று வெகு காலம் நினைத்திருந்தார்கள். பச்சைத் தத்துப்பூச்சி சுமந்து வருகிற துங்ரோ வைரஸ் அது என்பது 1960-களில்தான் தெளிவாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் கெடா மூடா வட்டாரத்து வயல்களை அது நன்றாகவே வாட்டியது. அதே 1980-களில் பிலிப்பைன்ஸில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில், சக்சேனா என்ற இந்திய விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் எதை எடுத்துச் சோதித்தார்கள் தெரியுமா? நம் மாரியம்மன் கோயில் வாசலில் நிற்கிற வேம்பை! தத்துப்பூச்சியின் முதுகில் மயிரிழை போன்ற கம்பியை ஒட்டி, அது எப்போது குத்துகிறது, எங்கே உறிஞ்சுகிறது என்று மின்சாரத்தால் பதிவு செய்தார்கள். வேப்ப எண்ணெய் பட்ட நாற்றில் பூச்சி திரும்பத் திரும்பக் குத்தியதே தவிர, சத்துச் சாறு ஓடுகிற குழாயில் நிலைத்து உறிஞ்ச முடியவில்லை. வெறும் தண்ணீர் ஓடுகிற குழாயைத்தான் அதிகம் குடித்தது. துங்ரோ வைரஸ் தொற்றுவதும் குறைந்தது. பூச்சி உடனே சாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மவர் பலர் வேப்ப எண்ணெயை அடித்துவிட்டு, மறுநாள் போய்ப் பூச்சி உயிரோடு இருக்கிறதைப் பார்த்து, “இது வேலைக்கு ஆவாது” என்று தூக்கிப் போடுகிறார்கள். அது செத்து விழுவதற்கான மருந்தே அல்ல. சாப்பாட்டைக் கெடுக்கிற மருந்து. வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் சாயங்கால நேரத்தில் அடிக்க வேண்டும், இலைக்கு அடியில் பட வேண்டும், அடிக்கடி அடிக்க வேண்டும்.

ஒரு தோட்டத்தில் ஓர் அக்கா கேட்டார்: “மிளகாயில அவ்வளவு காரம் இருக்கே, அதைத் தின்ன பூச்சிக்கு எரியாதா?” நல்ல கேள்வி. காரம் இருப்பது பழத்துக்குள், விதை ஒட்டியிருக்கிற வெள்ளைப் பகுதியில். விதையைக் கடித்து வீணாக்குகிற விலங்குகளையும், விதையை அழிக்கிற பூஞ்சைக் காளானையும் தடுக்க மிளகாய் அதைச் செய்து வைத்திருக்கிறது. பறவைக்கு அந்த எரிச்சலே தெரியாது. அது பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடும். இலையில் அந்தக் காரம் இல்லை. பூச்சி இலையைத்தானே உறிஞ்சுகிறது? கோட்டையில் பீரங்கி இருக்கிறது, ஆனால் திருடன் வருகிற பக்கம் அது திரும்பியிருக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டு, செடி எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். எதிர்த் தரப்பும் சும்மா இல்லை. சங்க வேலையில் இருபது ஆண்டு ஓடிய எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பழக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. சீனாவில் கண்ட ஒரு மஞ்சள் இலைச்சுருள் வைரஸ் செடிக்குள் புகுந்ததும் என்ன செய்கிறது? செடிக்குள் “வாசனையைச் சுரக்கச் செய்” என்று உத்தரவு கொடுக்கிற தலைமைப் புரதம் ஒன்றைப் பிடித்து வாயைக் கட்டிவிடுகிறது. 2014-இல் வெளியான ஆய்வு இது. தலைமை ஊமையானதும் விரட்டுகிற வாசனை குறைகிறது, வெள்ளை ஈ வந்து குடும்பத்தோடு தங்குகிறது, வைரஸுக்கு அடுத்த செடிக்குப் போக வண்டி கிடைத்துவிடுகிறது. ஆளை விலைக்கு வாங்கிச் சங்கத்தை உடைக்கிற வித்தையை முதலாளிமார் வைரஸிடம் கற்றார்களா, வைரஸ் அவர்களிடம் கற்றதா என்று தெரியவில்லை!

வெள்ளரித் தேமல் வைரஸ் அதைவிடக் கெட்டிக்காரன். அமெரிக்காவில் பூசணிச் செடியில் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வந்தது. நோய் பிடித்த செடி வழக்கத்தைவிட அதிக வாசனை விட்டு அசுவினியைக் கூப்பிடுகிறது. வந்து குத்திப் பார்த்தால் சாறு மட்டம். அசுவினி உடனே எழுந்து அடுத்த செடிக்குப் பறக்கிறது. கூப்பிட்டு, நோயை வாயில் ஏற்றி, துரத்திவிடுகிறது. இதற்கென்றே செய்த மாதிரி இல்லை?

வெள்ளை ஈயின் திருட்டு ஒன்றும் உண்டு. செடிகள் தங்கள் சொந்த விஷம் தங்களையே தாக்காமல் இருக்க ஒரு மரபணு வைத்திருக்கின்றன. அதை வெள்ளை ஈ எப்போதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு செடியிடமிருந்து பெற்றுத் தன் உடம்பில் வைத்திருப்பதை 2021-இல் சீன விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். செடியின் சாவியைக் கொண்டே செடியின் பூட்டைத் திறக்கிறது.

மனிதன் அவசரப்பட்டதும் உண்டு. அசுவினி ஓடுகிற அந்த அபாய வாசனையைக் கோதுமையே செய்யும்படி மரபணுவை மாற்றி, இங்கிலாந்தின் ரோத்தாம்ஸ்டட் நிலையம் 2012, 2013 ஆண்டுகளில் வயலில் போட்டது. சோதனைக்கூடத்தில் பிரமாதம். வயலில் அசுவினி குறையவில்லை. சங்கு ஓயாமல் ஊதிக்கொண்டே இருந்தால் யார் ஓடுவார்கள்? நிஜமான அபாயத்தில் அந்த வாசனை திடீரென்று ஒரு வீச்சில் வருகிறது, கோதுமையோ இருபத்து நாலு மணி நேரமும் விட்டுக்கொண்டிருந்தது. தோற்றதை மறைக்காமல் 2015-இல் அவர்களே வெளியிட்டார்கள் என்பதற்காக எனக்கு அவர்கள் மேல் மரியாதை.

இப்போது புட்டி விஷயம். ‘இயற்கை மருந்து, பக்கவிளைவு இல்லை’ என்று ஒட்டுக் காகிதம் போட்ட புட்டிகளை அறுபது வெள்ளி, எண்பது வெள்ளி என்று நம் குடியிருப்புகளில் கொண்டு வந்து விற்கிறார்கள். செடியிலிருந்து வந்தது என்பதால் சாதுவாகிவிடுமா? புகையிலையின் நிகோடின் செடி தன்னைக் காக்கச் செய்த விஷம்தான். ஒரு காலத்தில் அதையே பூச்சிமருந்தாக அடித்தார்கள். தோல் வழியாக உள்ளே போய் மனிதனையும் சாய்த்துவிடும் என்பதால்தான் கைவிட்டார்கள். நம் காட்டுக் கொடியான தூபா இருக்கிறதே, ஆற்றில் மீன் மயங்கப் போடுவார்களே, அந்த வேரைப் போருக்கு முந்தைய மலாயாவில் பயிர் செய்து பூச்சிமருந்துக்காகக் கப்பலேற்றினார்கள். அதன் சரக்குக்கு ரோட்டினோன் என்று பெயர். அமெரிக்காவில் மருந்தடிக்கும் தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. ரோட்டினோனைப் புழங்கியவர்களுக்குக் கை கால் நடுக்க நோயான பார்க்கின்சன், மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு. அதே ஆய்வில் அதே இரண்டரை மடங்கு கணக்கில் நின்ற இன்னொரு பெயர் எது? பாராகுவாட்!

பாராகுவாட் பூச்சிமருந்தல்ல, புல்லுக்கு அடிப்பது. ஆனால் அதை அறியாத தோட்டப் பெண் உண்டா? முதுகில் தோம்பு, காலில் கிழிந்த பூட்ஸ், மூக்கில் கட்டிய துண்டு, நகம் கறுத்து உதிர்ந்த விரல். 2002-இல் தெனாகானித்தா வெளியிட்ட ஆய்வு அந்தப் பெண்களின் நிலையை நாட்டுக்கு எடுத்துச் சொன்னது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. இடையில் ஓடிய பதினேழு ஆண்டில் எத்தனை பேர் நெஞ்சில் அந்தப் புகை போயிருக்கும்? ஒரு மருந்து ஆபத்து என்று தெரிந்த நாளுக்கும் அது நம் முதுகை விட்டு இறங்கிய நாளுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது. அதனால்தான் அடுத்த புட்டி எது என்று கேட்பதை விட, புட்டியே குறைவாகத் தேவைப்படுகிற செடி எங்கே என்று நான் கேட்கிறேன்.

அந்தச் செடி வரும், ஆனால் லேசில் வராது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மார்த்தா முட்ச்லர் என்ற அம்மையார் காட்டுத் தக்காளியின் சர்க்கரைப் பிசினைப் பயிர்த் தக்காளிக்குக் கொண்டுவரப் பல பத்தாண்டுகள் உழைத்தார். பிசினைக் கொண்டுவந்தால் கூடவே சின்னப் பழமும் காட்டுக் குணமும் ஒட்டிக்கொண்டு வரும். அதை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். இப்படிப்பட்ட வேலையை மூன்று மாதத்தில் லாபம் பார்க்க நினைக்கிற கம்பெனி செய்யாது. பொதுப்பணத்தில் நடக்கிற நிலையங்கள்தாம் செய்ய முடியும். 1971-இல் தைவானில் தொடங்கிய உலகக் காய்கறி மையத்தின் விதைக் களஞ்சியத்தில் தக்காளி, மிளகாய், இவற்றின் காட்டுச் சொந்தங்கள் எல்லாம் சேமித்து வைத்திருக்கிறார்கள். நம் மார்டிக்கும் திறமையில் குறைவில்லை. மிளகாயில், நம் வெப்பத்துக்கும் மழைக்கும் ஏற்ற இரகத்தில், பூச்சியை உட்கார விடாத குணத்தைத் தேடுகிற வேலைக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நாம் ஏன் கேட்கக் கூடாது? செம்பனைக்கு ஒதுக்கத் தெரிந்த நாட்டுக்கு மிளகாய்க்கு ஒதுக்கத் தெரியாதா?

அப்படி ஒரு விதை வந்தால் அது யார் கையில் இருக்கும் என்பதுதான் என் பெரிய கவலை. நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டுப் புதிய தாவர வகைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விதை கண்டுபிடித்தவருக்கு உரிமை கொடுக்கிற சட்டம். ஆனால் சிறு விவசாயி தன் நிலத்தில் எடுத்த விதையை மறுபடி போடலாம், சிறு விவசாயிகள் தங்களுக்குள் நியாயமான அளவு மாற்றிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். நல்ல வாசல். இதற்கிடையில், பசிபிக் வட்டாரப் பெரு வர்த்தக ஒப்பந்தம் 2022 நவம்பர் 29-ஆம் தேதி மலேசியாவுக்கு அமலுக்கு வந்தது. அந்த ஒப்பந்தப்படி, யூபோவ் 1991 என்கிற அனைத்துலக விதை உரிமை ஏற்பாட்டில் நாம் சேர வேண்டும். அந்த ஏற்பாட்டில் விவசாயி தன் விதையைத் தன் நிலத்தில் போட ஓரளவு இடம் கொடுக்கலாம். அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுத்து வாங்குவதற்குத்தான் இடம் இறுகிப் போகிறது. பூச்சியை விரட்டுகிற மிளகாய் ஒன்று நாளை வந்து, அதன் விதையை ஒரு பிடி அடுத்த லயத்து மாரியாயிக்குக் கொடுப்பது குற்றம் என்றால், அந்த மிளகாயால் நமக்கு என்ன லாபம்?

இந்த விஷயத்தைத் தோட்டக் கிளைகளின் அடுத்த கூட்டங்களில் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிறு தோட்டக்காரர் சங்கங்களும், மலாய் நெல் விவசாயிகளும் இதே கேள்வியோடு இருக்கிறார்கள், அவர்களோடும் பேச வேண்டும். அதுவரை, வைரஸ் பிடித்த மிளகாய்ச் செடியை ‘ரெண்டு காய் காய்க்கட்டுமே’ என்று விட்டு வைக்காமல் பிடுங்கிப் போடுங்கள். நாற்றை வலைக்குள் வளருங்கள். கையில் காசு இருந்தால் பெரிய மிளகாய்த் தோட்டக்காரர்கள் போடுகிற வெள்ளி நிறப் பிளாஸ்டிக்கைச் செடியடியில் விரியுங்கள், அந்த மினுமினுப்பில் அசுவினிக்கு இறங்குகிற இடம் புரியாமல் போகும். நல்லபடி நின்று காய்த்த செடி ஒன்றிரண்டு எல்லா லயத்திலும் இருக்கும். அதன் பழத்தை விற்றுவிடாமல் விதைக்கு எடுத்து வையுங்கள்.